முகத்துக் கோட்டுக்கு ஓர் ஊசி! போடலாமா, கூடாதா?

ஆடி மாதம் பிறந்துவிட்டால் சங்கரன்கோவிலில் கூட்டம் தாங்காது.

ஆடித் தபசுத் திருநாள்! கோமதி அம்மன் தவம் இருந்த திருநாள். சிவனும் திருமாலும் ஒரே உருவில், சங்கரநாராயணராகக் காட்சி கொடுத்த திருநாள். சுற்று வட்டாரத்து மக்கள் பஸ்ஸிலும் ரெயிலிலும் வந்து குவிவார்கள்.

வருகிறவர்கள் மறக்காமல் வாங்கிக்கொள்வது புற்று மண். அங்கே அதுதான் பிரசாதம். நெற்றியில் இடுவார்கள். உடம்பில் பூசுவார்கள். தோல் நோய் தீரும் என்பது பல தலைமுறையாக இருந்து வரும் நம்பிக்கை.

படை, தேமல், சொறி, சிரங்கு என்று தோலில் எது வந்தாலும் இந்த ஊரை நினைக்கிறவர்கள் உண்டு.

இப்போது தோலைப் பற்றி ஒரு புதுப் பேச்சு கிளம்பி இருக்கிறது. இது நோயைப் பற்றிய பேச்சு அல்ல. முகத்தில் விழும் கோட்டைப் பற்றிய பேச்சு!

கல்யாண ஆல்பம்

மகள் கல்யாணம் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. ஆல்பம் வருகிறது. வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

பெண்ணின் தாய் தன் படத்தைப் பார்க்கிறாள். அவள் முகம் வாடுகிறது.

"என்ன மதினி, நான் இவ்வளவு கிழவி ஆயிட்டேனா? மூக்குப் பக்கத்துல ரெண்டு வாய்க்கால் ஓடுதே!"

"அதுக்கு இப்ப ஊசி வந்திருக்காம்லா! பத்து நிமிஷம்தானாம். கோடு மறைஞ்சிருமாம். ஒரு நாள் போயி போட்டுட்டு வந்திருவோமா?"

இப்படி ஒரு பேச்சு எந்த வீட்டிலும் நடக்கக் கூடியதுதான். செல்போனைத் திறந்தால் போதும். "பத்து வயது குறையும்" என்று விளம்பரம் வந்து நிற்கிறது.

அது என்ன ஊசி? கோடு மறைவது உண்மையா? ஆபத்து உண்டா?

கோடு ஏன் விழுகிறது?

கண்ணாடி முன் நின்று சிரித்துப் பாருங்கள். மூக்கின் இரண்டு ஓரத்தில் இருந்தும் வாயின் ஓரம் வரை ஒரு கோடு இறங்கும். சின்னப் பிள்ளைக்கும் அது உண்டு. சிரிப்பு நின்றதும் மறைந்துவிடும்.

வயது ஏற ஏற, சிரிக்காதபோதும் கோடு அப்படியே நிற்கத் தொடங்குகிறது.

காரணம் என்ன? இளமையில் தோலுக்கு உள்ளே கொலாஜன் என்னும் நார் நிறைய இருக்கும். அதுதான் தோலை இறுக்கிப் பிடிக்கிறது. வயதானால் அது குறைகிறது. கன்னத்துக் கொழுப்பும் வற்றுகிறது, கீழே சரிகிறது. தாடை எலும்பும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. பல் விழுந்துவிட்டால் கோடு இன்னும் ஆழமாகத் தெரியும்.

வெயிலும் புகையும் இந்த வேலையைச் சீக்கிரமே முடித்துவிடும். வெயிலில் நின்று உழைப்பவர்களுக்கும், பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கும் சுருக்கம் முந்தி விழுவது இதனால்தான்.

ஆக, இந்தக் கோடு ஒரு நோய் அல்ல. அதனால் யாருக்கும் உயிருக்கு ஆபத்து வராது. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மெழுகு ஏற்றிய அழகி

முகத்துப் பள்ளத்தை எதையாவது வைத்து நிரப்பிவிடலாம் என்னும் எண்ணம் புதிது அல்ல.

ஐரோப்பாவில் வியன்னா நகரத்து டாக்டர் ராபர்ட் கெர்சூனி என்பவர், 1899-ஆம் ஆண்டில் பாரபின் மெழுகை ஊசி மூலம் உடம்பில் ஏற்றிப் பார்த்தார். செய்தி பரவியது. மெழுகு ஊசி முகத்துக்கும் வந்தது.

கிளாடிஸ் டீக்கன் என்று ஒரு பெண். அமெரிக்கப் பணக்காரரின் மகள். ஐரோப்பாவையே கவர்ந்த அழகி. அவளுக்கு ஒரு குறை. மூக்கின் மேடு இன்னும் கொஞ்சம் நேராக இருக்க வேண்டும் என்று ஆசை!

22 வயதில் மூக்கில் மெழுகை ஏற்றிக்கொண்டாள். மெழுகு அங்கேயே இருக்கவில்லை. கீழே இறங்கியது. முகம் கோணியது. தாடையில் கட்டி கட்டியாகத் திரண்டது.

பிறகு 1921-இல் அவள் இங்கிலாந்தில் ஒரு கோமகனை மணந்து மார்ல்பரோ கோமகள் ஆனாள். பட்டம் வந்தது. போன அழகு திரும்பவில்லை. கடைசிக் காலத்தில் ஆட்களைப் பார்ப்பதையே வெறுத்து ஒதுங்கி வாழ்ந்தாள். 1977-இல் இறந்தாள்.

மெழுகுக்குப் பிறகு சிலிக்கோன் திரவம் வந்தது. அதுவும் கட்டியிலும் சீழிலும் கொண்டுபோய் விட்டது.

1981-இல் அமெரிக்காவில் மாட்டுக் கொலாஜன் ஊசிக்கு அனுமதி கிடைத்தது. அது ஓரளவு நல்லது. ஆனால் 100 பேரில் சுமார் 3 பேருக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் முதலில் கையில் கொஞ்சம் போட்டு, சில வாரம் காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் முகத்தில் போட வேண்டும்.

மாட்டுக் கண்ணும் சேவல் கொண்டையும்

அப்போதுதான் இன்னொரு பொருள் வந்தது. அதன் பெயர் ஹயலூரோனிக் அமிலம்.

அமிலம் என்றதும் பயப்பட வேண்டாம். இது கக்கூஸ் கழுவும் ஆசிட் அல்ல. நம் உடம்பே இதைச் செய்கிறது! 70 கிலோ எடை உள்ள மனிதரின் உடம்பில் சுமார் 15 கிராம் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு தினமும் அழிந்து புதிதாக ஊறுகிறது. தோலில் இருக்கிறது, மூட்டில் இருக்கிறது, கண்ணில் இருக்கிறது.

இதன் வேலை தண்ணீரைப் பிடித்து வைப்பது. பாதாம் பிசினை இரவில் ஊறப் போட்டால் காலையில் எப்படிப் பொங்கி நிற்கிறது? அப்படித்தான் இதுவும்.

இதை முதலில் கண்டுபிடித்தவர்கள் கார்ல் மேயர், ஜான் பால்மர் என்னும் இருவர். ஆண்டு 1934. இடம் நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகம். எதில் இருந்து எடுத்தார்கள் தெரியுமா? மாட்டின் கண்ணில் இருந்து!

பிறகு ஹங்கேரியில் பிறந்த எண்ட்ரே பலாஸ் என்னும் விஞ்ஞானி, சேவல் கொண்டையில் இருந்து இதைச் சுத்தமாகப் பிரித்து எடுத்தார். அது கண் ஆபரேஷனுக்கும் மூட்டு வலிக்கும் உதவியது.

இன்று முகத்தில் போடும் ஊசிக்குச் சேவலும் வேண்டாம், மாடும் வேண்டாம். ஒரு வகை நுண்கிருமியைத் தொட்டியில் வளர்த்து, அது சுரப்பதை எடுத்துச் சுத்தம் செய்கிறார்கள்.

ஆனால் ஒரு சிக்கல். இதை அப்படியே தோலில் ஏற்றினால் சில நாளில் உடம்பு கரைத்துவிடும். என்ன செய்வது?

சங்கரன்கோவிலில் தறிச் சத்தம் கேட்கும் தெருக்களில் போய்ப் பாருங்கள். பாவு நூல் மட்டும் இருந்தால் சேலை ஆகுமா? ஊடை நூல் குறுக்கே ஓடிப் பிணைக்க வேண்டும். இங்கேயும் அதே வேலைதான். ஹயலூரோனிக் அமிலத்தின் இழைகளை வேறு ஒரு ரசாயனத்தால் குறுக்கே பிணைத்துக் கூழ் போல ஆக்குகிறார்கள். பிணைத்த கூழ் சீக்கிரம் கரையாது. மாதக் கணக்கில் நிற்கும்.

இதுதான் ஃபில்லர் ஊசி. ஃபில்லர் என்றால் நிரப்பும் பொருள் என்று அர்த்தம்.

கோடு மறைகிறதா?

சுவீடன் நாட்டில் செய்த ரெஸ்டிலேன் என்னும் ஊசி 1996-இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்க அரசு உடனே ஒத்துக்கொள்ளவில்லை. சோதித்துக் காட்டச் சொன்னது.

மூக்கோரக் கோடு ஆழமாக உள்ள 138 பேரைச் சேர்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் முகத்தின் ஒரு பக்கத்தில் புதிய ஊசி. மறு பக்கத்தில் பழைய மாட்டுக் கொலாஜன் ஊசி. ஆறு மாதம் கழித்து டாக்டர்கள் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டார்கள்.

முடிவு 2003-இல் வெளிவந்தது. 100-க்கு 57 பேருக்குப் புதிய ஊசி போட்ட பக்கமே நன்றாக இருந்தது. பழைய ஊசி போட்ட பக்கம் நன்றாக இருந்தவர்கள் 100-க்கு 10 பேர் கூட இல்லை. மற்றவர்களுக்கு இரண்டும் சமம்.

அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எதற்கு? மூக்கோரக் கோட்டை நிரப்புவதற்கு.

ஆகவே, ஊசி வேலை செய்வது உண்மை. கோடு மேலே எழும்பி, முகம் சமமாகத் தெரியும். உடனேயே தெரியும்.

ஆனால் அது நிலைக்காது. ஊசியின் வகையைப் பொறுத்து ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை நிற்கும். சில வகை இன்னும் கொஞ்சம் நாள் நிற்கும். பிறகு கரைந்துவிடும். பழைய கோடு திரும்பி வரும். மறுபடியும் ஊசி, மறுபடியும் பணம்!

ஒரு ஊசிக் குழலில் இருப்பது பெரும்பாலும் 1 மில்லி மருந்து. ஒரு தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. விலையோ பல ஆயிரம் ரூபாய். "ஒரு தடவை போட்டால் போதும், ஆயுசுக்கும் இருக்கும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆபத்து எங்கே?

ஊசி போட்ட இடம் சிவக்கும், வீங்கும், கன்றிப் போகும், தொட்டால் வலிக்கும். இது பலருக்கும் வரும். பெரும்பாலும் ஒரு வாரத்தில் போய்விடும். சிலருக்குச் சின்னக் கட்டி நிற்கும். சிலருக்கு மாதங்கள் கழித்துக் கூட வீக்கம் வரலாம்.

இவற்றைச் சமாளிக்கலாம். பெரிய ஆபத்து வேறு.

மூக்கோரக் கோட்டை ஒட்டியே முகத்தின் முக்கியமான ரத்தக் குழாய் ஓடுகிறது. அது மூக்கின் பக்கமாக மேலே ஏறி, கண்ணுக்குப் போகும் குழாயின் கிளைகளோடு சேருகிறது.

ஊசி முனை தவறி அந்தக் குழாய்க்குள் போனால்? கூழ் குழாயை அடைத்துக்கொள்ளும். தோலுக்கு ரத்தம் வராது. அந்த இடம் முதலில் வெளுக்கும். பிறகு வலை பின்னியது போல நீலம் பாயும். கவனிக்காமல் விட்டால் தோல் அழுகிப் புண்ணாகும்.

கூழ் இன்னும் மேலே தள்ளப்பட்டு, கண்ணின் குழாயில் போய் அடைத்தால்? பார்வை போய்விடும்!

இது கட்டுக்கதை அல்ல. முகத்தில் நிரப்பும் ஊசி போட்டுப் பார்வை கெட்டவர்களைப் பற்றி உலகெங்கும் டாக்டர்கள் எழுதியதை எல்லாம் ஒரு குழு திரட்டியது. 2015-இல் வெளியான கணக்கில் 98 பேர். அவர்களில் பலருக்குப் போட்டது அவர்கள் உடம்பிலேயே எடுத்த கொழுப்பு. நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குப் போட்டது ஹயலூரோனிக் அமிலம். 2019-இல் வெளியான கணக்கில் மேலும் 48 பேர். இந்த முறை 100-க்கு 81 பேருக்கு ஹயலூரோனிக் அமிலமே காரணம்.

அந்த 48 பேரில் 10 பேருக்குப் பார்வை முழுதும் திரும்பியது. 8 பேருக்கு ஓரளவு திரும்பியது. மற்றவர்களுக்கு?

உலகில் ஆண்டுதோறும் பல லட்சம் பேர் இந்த ஊசியைப் போட்டுக்கொள்கிறார்கள். அதோடு ஒப்பிட்டால் இந்த எண்ணிக்கை மிகவும் சின்னது. உண்மைதான். ஆனால் கண்ணை இழந்தவருக்கு அது சின்னதா?

அடைப்பைக் கரைக்கும் மருந்து

மெழுகுக்கும் சிலிக்கோனுக்கும் இல்லாத ஒரு நல்ல குணம் இந்தக் கூழுக்கு உண்டு. இதைக் கரைக்க மருந்து இருக்கிறது! அதன் பெயர் ஹயலூரோனிடேஸ். கோணலாகப் போய்விட்டால், கட்டி நின்றால், குழாய் அடைத்தால், அந்த மருந்தை ஊசியில் ஏற்றிக் கூழைக் கரைத்துவிடலாம்.

ஆனால் நேரத்தில் போட வேண்டும். தோல் என்றால் சில மணி நேரம் அவகாசம் உண்டு. கண் அப்படிப் பொறுக்காது. விழித்திரைக்கு ரத்தம் அடியோடு நின்றால், ஒன்றரை மணி நேரத்துக்குள் அது பாழாகிவிடலாம். கண்ணுக்குள் அடைத்ததை இந்த மருந்து நிச்சயம் கரைத்துவிடும் என்றும் சொல்ல முடியாது.

சங்கரன்கோவிலில் இருந்து திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போகவே கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் ஆகும்!

ஊசி போடுகிற இடத்தில் கரைக்கும் மருந்து இல்லை. ஆபத்தைக் கண்டதும் புரிந்துகொள்ளும் டாக்டர் இல்லை. பக்கத்தில் கண் ஆஸ்பத்திரியும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் முகத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? எண்ணிப் பாருங்கள்.

யார் போட வேண்டும்?

இந்தியத் தோல் டாக்டர்கள் சங்கம் இதற்கு வழிமுறைகள் வகுத்திருக்கிறது. அவை 2008-இல் வெளிவந்தன. எழுதியவர் சென்னைத் தோல் டாக்டர் மாயா வேதமூர்த்தி.

இந்த ஊசியைப் போடுகிறவர் அதற்கென்று பயிற்சி பெற்ற டாக்டராக இருக்க வேண்டும். என்ன பலன் கிடைக்கும், எத்தனை நாள் நிற்கும், என்ன கெடுதல் வரலாம் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். எழுத்து மூலம் சம்மதம் வாங்க வேண்டும். அவசரத்துக்கு வேண்டிய சாதனங்கள் அங்கே இருக்க வேண்டும். இவைதான் அந்த வழிமுறைகளின் சாரம்.

அழகு நிலையத்தில் புருவம் திருத்தலாம், தலை வாரலாம். ஊசி குத்துவது அங்கே நடக்க வேண்டிய வேலை அல்ல.

ஊசியே இல்லாமல் அழுத்தத்தால் மருந்தை ஏற்றும் பேனா போன்ற கருவியை இன்டர்நெட்டில் விற்கிறார்கள். வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாமாம்! அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021-இல் இதை எதிர்த்து எச்சரிக்கை விட்டது. தோலும் உதடும் கண்ணும் கெடலாம் என்று சொன்னது.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பணம் உங்களுடையது, முகமும் உங்களுடையது.

1. நீங்கள் தோல் மருத்துவம் அல்லது பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா? இந்த ஊசியில் பயிற்சி உண்டா?

2. மருந்தின் பெயர் என்ன? பெட்டியை என் கண் முன்னால் பிரிப்பீர்களா? அதில் உள்ள சீட்டை எனக்குக் கொடுப்பீர்களா? (வெளிநாட்டு மருந்து என்றால் பெட்டியில் இறக்குமதி லைசென்ஸ் எண் இருக்க வேண்டும்.)

3. கரைக்கும் மருந்து இதே இடத்தில் தயாராக இருக்கிறதா?

4. கண் மங்கினால் உடனே எந்தக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீர்கள்?

நான்குக்கும் நேரான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

நீங்களும் சிலவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்களும், பால் கொடுக்கும் தாய்மாரும் இந்த ஊசியைத் தள்ளிப் போட வேண்டும். முகத்தில் சீழ்ப் பருவோ புண்ணோ இருந்தால் ஆறிய பிறகுதான் போகலாம். ரத்தம் உறையாத நோய் உள்ளவர்களும், முன்பு ஏதாவது மருந்துக்கு மூச்சு முட்டி மயங்கியவர்களும் கட்டாயம் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும். ஆனால் இருதய மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது!

ஊசி போடும்போதோ, போட்ட பிறகோ கடும் வலி வந்தால், தோல் வெளுத்தால், நீலம் பாய்ந்தால், கண் மங்கினால், இரண்டு இரண்டாகத் தெரிந்தால், வாய் குழறினால், கை கால் தளர்ந்தால் ஒரு நிமிஷம் கூடக் காத்திருக்கக் கூடாது. "ஐஸ் வையுங்கள், நாளைக்குச் சரியாகிவிடும்" என்று சொன்னால் கேட்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

செலவு இல்லாத வழி

ஊசிக்குப் போகும் முன் ஒரு தோல் டாக்டரிடம் முகத்தைக் காட்டலாம். சங்கரன்கோவில்காரர்களுக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி ஒன்றும் தூர தேசம் அல்ல. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி அது. தோல் பிரிவு இருக்கிறது. பல் விழுந்ததால் கோடு ஆழமாகத் தெரிகிறது என்றால், பல் செட் கட்டினாலே முகம் மாறும்.

வெயிலில் குடை பிடியுங்கள். வயலில் வேலை என்றால் தலையில் துண்டோ முக்காடோ போடுங்கள். பீடி, சிகரெட்டை விடுங்கள். விழுந்த கோடு இதனால் மறையாது. ஆனால் விழப் போகும் கோடு தள்ளிப் போகும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும், "எனக்கு ஆசையாக இருக்கிறது, பணமும் இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் அதில் தவறு இல்லை. நல்ல டாக்டரிடம், நல்ல இடத்தில் போட்டுக்கொள்ளலாம். தலைக்குச் சாயம் பூசுவதை யார் குற்றம் சொல்கிறார்கள்?

மலிவாகக் கிடைக்கிறது, பக்கத்துத் தெருவில் போடுகிறார்கள் என்று போய் உட்காரத்தான் கூடாது.

கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கலாமா என்று கேட்டார்கள் நம் பெரியவர்கள். ஏதோ பேச்சுக்குச் சொன்ன பழமொழி அது. இந்த ஊசி விஷயத்தில் அது அப்படியே, எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது.

கல்யாண ஆல்பத்தை மூடி வைத்த தாய், மதினியிடம் இப்படித்தான் சொல்ல வேண்டும்:

"போவோம் மதினி. ஆனா ஊசி போடுத இடத்துக்கு இல்ல. முதல்ல தோல் டாக்டர்ட்ட போயி கேப்போம்."